வடக்கு தெற்காக வைத்த குழாய்

சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கிற நம் மதுரைப் பிசிக்ஸ்காரர்களுக்கு ‘ஈ பை எம்’ (எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அதன் நிறையால் வகுத்த மதிப்பு) என்றால் விளக்கம் தேவையில்லை. வகுப்பில் அணுக்கொள்கை ஓட்டமாய் ஓடிவிடும். 1808 டால்டன், 1897 தாம்சன், 1911 ரூதர்ஃபோர்டு, 1913 போர், மணி அடித்துவிடும். லேபில் அந்த 1897, அதாவது தாம்சன் முறையில் ‘ஈ பை எம்’ அளக்கும் சோதனை மட்டும் ஒரு மதியத்தையே விழுங்கும்.

முதல் வேலை, காந்த முள் உள்ள காம்பஸ் பெட்டியைப் பார்த்து, எலெக்ட்ரான் கற்றை பாயும் கேதோடு கதிர்க் குழாயை வடக்கு தெற்காகத் திருப்புவது. எலெக்ட்ரான் பாயும் திசையிலேயே பூமியின் காந்தப்புலமும் இருந்தால் அது கற்றை திரையில் விழும் ஒளிப்புள்ளியை, அதாவது ஸ்பாட்டை, அசைக்காது. இதில் மதுரைக்கு ஒரு வசதி. காந்த நடுக்கோடு நெல்லைப் பக்கமாகப் போவதால் இங்கே அந்தப் புலம் ஏறக்குறையப் படுக்கையாகவே கிடக்கிறது. தாம்சனின் கேம்பிரிட்ஜில் அது 60 பாகைக்கு மேல் சாய்ந்து தரைக்குள் இறங்கும். கிடையாக வைத்த குழாயை எப்படித் திருப்பினாலும் அதில் கொஞ்சம் குறுக்கே மிஞ்சும்.

குழாய்க்குள் இருக்கும் இரு தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்ததும் ஸ்பாட் மேலே ஏறும். எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, இருபுறத்து மரக் கைகளிலும் சட்டக் காந்தங்களை எதிரெதிர் முனைகள் பார்த்திருக்க வைத்து, ஸ்பாட் பழைய இடத்துக்கு இறங்கும்வரை நகர்த்த வேண்டும். பிறகு குழாயை எடுத்துவிட்டு அங்கே காம்பஸ் பெட்டி. முள் விலகிய கோணத்தின் டேன் மதிப்பால் பூமியின் கிடைப்புலத்தைப் பெருக்கினால் காந்தங்களின் புலம் கிடைக்கும்.

வினை அங்கேதான். அந்தப் புலம் ‘ஈ பை எம்’ சூத்திரத்தின் கீழே வர்க்கமாக உட்கார்ந்திருக்கிறது. 45 பாகையில் ஒரு பாகை தப்பாக வாசித்தால் விடை 7 சதவீதம் பிசகும். 75 பாகையில் அதே ஒரு பாகைக்கு 14 சதவீதம். முள் 30க்கும் 60க்கும் நடுவில் நிற்கிற மாதிரி மின்னழுத்தத்தை அமைத்துக்கொள்பவர் தப்பித்தார். முள்ளின் இரு முனையையும் வாசிக்க வேண்டும். இரும்பு ஸ்டூலும் பக்கத்து மேசைக் காந்தமும் எட்ட இருக்க வேண்டும்.

இத்தனை செய்தும் ‘ஈ பை எம்’ சரியான மதிப்பான 1.76க்குப் பதில் 2க்கு மேல் வரும் (10¹¹ கூலும்/கிலோகிராம் கணக்கில்). குற்றம் கையில் இல்லை. காந்தப்புலம் தகடுகளின் நீளத்தோடு நின்றுவிடுவதாகச் சூத்திரம் நினைக்கிறது. சட்டக் காந்தத்தின் புலமோ அதற்கு வெளியேயும் பரவி எலெக்ட்ரானைத் தள்ளுகிறது. அதனால் நடுவில் குறைந்த புலமே போதுமானதாகி, விடை வீங்குகிறது. ரெக்கார்டு நோட்டில் 1.76 வருவதற்காகக் கோணத்தைச் ‘சரிசெய்தவர்கள்’ பட்டியல் வேண்டாம். இந்த மலரைப் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

அவர்கள் அப்படிப் பயந்திருக்கவே வேண்டாம். இந்த முறையில் தாம்சனுக்குக் கிடைத்ததே இன்றைய மதிப்பில் பாதியைத்தான் ஒட்டி வந்தது. அவருக்கு அது போதும். ஹைட்ரஜன் அயனியின் மதிப்பைவிட அது பல நூறு மடங்கு பெரிது. பாதியாய்ப் பிசகினாலும் அந்த இடைவெளி மூடாது. அவருக்கு முன்பு 1883இல் ஹெர்ட்ஸ் தகடு வைத்துப் பார்த்தபோது கதிர் வளையவேயில்லை. குழாயில் மிஞ்சிய வாயு அயனியாகித் தகடுகளின் புலத்தை மறைத்துவிட்டது. தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கதிர் வளைந்தது. குழாய்க்குள் காற்று, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று மாற்றினார்; மின்வாயை அலுமினியத்திலிருந்து பிளாட்டினத்துக்கு மாற்றினார். எண் பெரிதாக மாறவில்லை. எல்லா அணுக்களுக்கும் பொதுவான துகள் ஒன்று உண்டு என்று அவர் துணிந்து சொன்னது அதை வைத்துத்தான்.