ஜி.இசட்.34 வால்வை மாற்றிய கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் மழை இடியோடு இறங்கும் நாள்களில் கரண்டு ஓரிரு நொடி போய்த் திரும்புவது புதிதல்ல. சென்ற மாதம் அப்படித் திரும்பியபோது, பாடிக்கொண்டிருந்த என் வால்வு ஆம்ப்ளிஃபையரின் ரெக்டிஃபையருக்குள், அதாவது மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ஜி.இசட்.34 வால்வுக்குள், நீல ஒளி ஒன்று வெட்டியது. கூடவே ஃபியூசும் போயிற்று.

வால்வுக்கு வயதாகிவிட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். தோட்டத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "கரண்டு போனதும் சுவிட்ச அடச்சியா தம்பி?" நான் அடைக்கவில்லை. மின்சாரம் நின்ற அந்த நொடிகளில், ஸ்பீக்கரை இயக்கும் இ.எல்.34 வால்வுகள் நான்கும் மின்தேக்கிகளில் சேர்ந்திருந்த மின்சாரத்தை உறிஞ்சிவிட்டன. ரெக்டிஃபையரின் கேதோடோ (சூடானால் எலக்ட்ரான்களை உமிழும் பகுதி) சூடு ஆறாமலே இருந்தது. எனவே கரண்டு திரும்பியதும், வெறுமையான மின்தேக்கியை நிரப்பும் பாய்ச்சல் முழுவதும் எந்தத் தடையுமின்றி அதன் வழியே போயிருக்கிறது. குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது கேதோடு மெல்லச் சூடேறுவதால் அந்தப் பாய்ச்சல் தானாகவே மட்டுப்படும்.

கைவசம் வேறு வகை ரெக்டிஃபையர் வால்வுகளான 5யு4ஜி ஒன்றும் 5ஒய்3ஜிடி ஒன்றும் இருந்தன. இரண்டும் அதே எட்டு முள் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும் என்பதுதான் ஆபத்து. ஜி.இசட்.34இன் சூடேற்றும் இழைக்கு 5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர் போதும். 5யு4ஜி 3 ஆம்பியர் கேட்கும், அதை என் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. 5ஒய்3ஜிடி தரக்கூடியது 125 மில்லிஆம்பியர். என் நான்கு இ.எல்.34களுக்கே அது போதாது.

ஆகவே 450 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய முல்லார்டு நிறுவன ஜி.இசட்.34 ஒன்றை வாங்கினேன். கண்ணாடியின் மேல் அச்சிட்ட பெயரை யாரும் புதிதாக அச்சடித்துவிடலாம் என்பதால், அடிப்பக்கம் மங்கலாகப் பொறித்த குறியீட்டின் இரண்டாம் வரி ஆலையைக் குறிக்கும் 'பி' (B) எழுத்தில் தொடங்குகிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்த பிறகே பணத்தைக் கொடுத்தேன்.

பொருத்துமுன் 10 கிலோஓம் தடை கட்டிய கம்பியால் மின்தேக்கிகளை வடித்து, மீட்டரில் சுழி காட்டிய பின்தான் உள்ளே கை வைத்தேன். சாக்கெட்டின் பித்தளைப் பிடிகளில், நம் ஊர் ஈரத்தின் புண்ணியத்தில், பச்சை பூத்திருந்தது. முதல் மின்தேக்கியின் அடி சற்று உப்பியிருந்ததால் அதையும் 47 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் ஒன்றாக மாற்றினேன். இவ்வால்வுக்கு 60 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. கூடுதலாக வைத்தால் நல்லது என்ற ஆசை இங்கே உதவாது.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வால்வின் 4ஆம், 6ஆம் முட்களுக்குப் போகும் கம்பிகள் ஒவ்வொன்றிலும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு இரண்டைத் தொடராகப் பற்றவைத்தேன். ஒன்று போதாதா எனலாம். என் டிரான்ஸ்ஃபார்மரின் 350-0-350 வோல்ட் சுருளில் தலைகீழ் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 990 வோல்ட் வரை ஏறும், ஒரு டையோடின் எல்லையோ 1000. வால்வு மறுபடி உள்ளே வெட்டினாலும் இனி டிரான்ஸ்ஃபார்மர் தப்பும்.

சுவிட்சைத் திறந்ததும் முள் மீட்டர் பத்து நொடிக்கு மேல் அசையவே இல்லை. பிறகு ஊர்ந்து ஏறி 431 வோல்ட்டில் நின்றது. பழைய வால்வு இருந்தபோது குறித்து வைத்திருந்த அளவு 410. அந்த ஏற்றத்தால் இ.எல்.34களின் 10 ஓம் கேதோடு தடைகளில் 0.52 வோல்ட் காட்டியது, அதாவது வால்வுக்கு 52 மில்லிஆம்பியர், ஏறத்தாழ 22 வாட். எல்லை 25 வாட் என்றாலும் இந்த வெயிலில் அவ்வளவு நெருங்க நான் விரும்பவில்லை. வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயாஸைத் திருகி 0.40 வோல்ட்டுக்கு இறக்கினேன்.

ஒலி மாறியதா என்றால், எனக்குக் கேட்டவரை பெரிதாக இல்லை. வலப்பக்கத்து இ.எல்.34 ஒன்று மட்டும் ஒரு மணி நேரத்தில் 0.40இலிருந்து 0.44க்கு நகர்கிறது, அதை அடுத்த வாரம் இடப்பக்கம் மாற்றிப் போட்டு, குறை வால்வோடு போகிறதா, சாக்கெட்டிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.