மதி கலாவான கதை

குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதில் மனம் இளகாத, கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண். அவளுக்குப் பெயர் வைக்கவே இரண்டு வாரம் ஆனது. கடைசியில் ‘மதி’ என்று வைத்தேன். அறிவு என்றும் பொருள், நிலா என்றும் பொருள். மூளை உண்டு, சூடு கிடையாது. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை.

அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அப்படியே திருப்பித் தந்தாள்.

“உங்க பெரியத்தையைத் தாத்தா எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா?”

எனக்கு அவர் எப்போதும் பெரியத்தைதான். பத்திரிகைகளில், கடிதங்களில் சந்திரா. சின்ன வயதில் மதியாம். நான் கேள்விப்பட்டதே இல்லை என்று சத்தியம் செய்தேன். அம்மா நம்பவில்லை. “பதில் சொல்லுறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாளே, அதுவும் நீயா யோசிச்சதுதானா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் தோழி எஸ்தர் வனோம்ரியின் குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’, எஸ்தரின் செல்ல வடிவமான ‘எஸ்ஸா’ இரண்டையும் ஒட்டி ‘வனெஸ்ஸா’ என்ற பெயரை உருவாக்கினார். அவர் தெரிந்தே ஒளித்தார். நான் ஒளித்தது எனக்கே தெரியவில்லை.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எதைச் சொன்னாலும் அம்மா ஒரு முகத்தைச் சொன்னாள். ஒன்று சித்தியின் சம்பந்தி, ஒன்று அப்பா பேச்சை நிறுத்திக்கொண்ட நண்பரின் மனைவி. அகராதி ஒரு பெயருக்கு ஒரு பொருள் சொன்னால், வீட்டில் அதற்கு ஒரு சண்டை இருக்கிறது. யாருடையதும் இல்லாமல் மிஞ்சியது ‘கலா’.

மார்கரெட் மிட்செல் ‘கான் வித் த விண்ட்’ நாயகிக்கு முதலில் வைத்திருந்த பெயர் பான்ஸி. நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது ஸ்கார்லெட் ஆனது. அவரே அவ்வளவு தாமதமாக மாற்றியிருக்கிறார், நமக்கென்ன என்று தைரியமாக ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்தினேன்.

‘மதியம்’ ‘கலாயம்’ ஆனது. நாயகி கல்யாணத்துக்குச் ‘சம்கலாத்தாள்’. கடைசி அத்தியாயத்தில் எல்லோருக்கும் ‘நிம்கலா’ கிடைத்தது. இவற்றையாவது சிரித்துக்கொண்டே திருத்தலாம். தொல்லை கொடுத்தது வேற்றுமை உருபுதான். ‘மதியை’ என்பது ‘கலாயை’ என்று நின்றது, ‘மதிக்கு’ ‘கலாக்கு’ என்று நின்றது. ஒவ்வொன்றாகக் ‘கலாவை’, ‘கலாவுக்கு’ என்று கையால் மாற்ற வேண்டியிருந்தது. இகரத்தில் முடியும் பெயரை இகரத்தில் முடியும் பெயரால் மாற்றியிருந்தால் பாதி வேலை மிச்சம். மூன்று ராத்திரி போன பிறகுதான் இது உறைத்தது.

அப்புறம் பெரியத்தையே கேட்டு வாங்கிப் படித்தார். ஒரே மூச்சில் முடித்துவிட்டு, தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார்.

“யாருடா இந்தக் கலா?”