போய்ச் சேர்ந்த குவெரி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நான் அடிக்கடி பார்த்த எண் 1064. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸுக்கு நாம் அனுப்பும் கட்டளையான குவெரியின் இலக்கணம் பிசகினால் வரும் எரர் அது.

வாடிக்கையாளரின் கிளை விவரத்தைக் காட்டும் ஒரு ஸ்கிரீன். பெரும்பாலானவர்களுக்கு ஒழுங்காக ஓடும். சிலருக்கு மட்டும் 1064. நிரலை வரி வரியாகப் படித்தும் பிழை அகப்படவில்லை. எரர் செய்தியில் ‘நியர்’ என்ற சொல்லை அடுத்து இரண்டு மேற்கோள் குறிகள், நடுவில் ஒன்றுமே இல்லை. அரை நாள் போய்விட்டது. பக்கத்து இருக்கை சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். “எழுதினதை அப்புறம் படிக்கலாம். டேட்டாபேஸுக்கு என்ன போச்சுன்னு பார்த்தியா?”

பார்த்ததில்லை. மதிப்புகளைத் தாங்கும் வேரியபிள்களெல்லாம் நிரம்பிய பிறகு குவெரி எப்படி இருக்கிறது என்று அச்சிட்டேன். சமக்குறியோடு நின்றுபோயிருந்தது. கிளை எண் பதியாதவர்களுக்கு வேரியபிள் காலி. ‘நியர்’ காட்டுவது டேட்டாபேஸ் தடுக்கி நின்ற இடத்தை. கோளாறு பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். அங்கே வெறுமை இருந்தால், முடியக் கூடாத இடத்தில் குவெரி முடிந்துவிட்டது என்று பொருள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றும்.

அதிலிருந்து எரர் எண்ணையும் கவனிக்கத் தொடங்கினேன். பிஎச்பி நிரல்மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் வேரியபிளின் மதிப்பு போகாது, அதன் பெயரே போகும். டாலர் குறியோடு வரும் அந்தப் பெயரை மைஎஸ்க்யூஎல் டேபிளின் ஒரு நெடுவரிசை என்று எண்ணிக்கொண்டு, அப்படி ஒன்று இல்லை என்று 1054 கொடுக்கும். 1064 வராததே ஒரு துப்பு.

அடுத்து வந்தது ஓ'பிரையன் போன்ற பெயர்கள். பெயருக்குள் இருக்கும் குறி, குவெரியில் பெயரைச் சுற்றிப் போட்ட மேற்கோளைப் பாதியில் மூடிவிடும். குறியை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் அதற்கு முன்னால் பின்சாய்கோடு சேர்த்து ஒட்டுப்போட்டேன். வேறொரு கோப்பிலும் அதே ஒட்டு இருந்ததால் பெயர் பின்சாய்கோட்டோடு சேமிக்கப்பட்டது. வாடிக்கையாளரின் பெயரைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அக்கா ப்ரிப்பேர்டு ஸ்டேட்மெண்டைக் காட்டினார்: மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி, குவெரி தனியாகப் போகும், மதிப்பு தனியாகப் போகும். மதிப்புக்குள் என்ன இருந்தாலும் அது கட்டளையாக வாசிக்கப்படாது. மதிப்பு என்ற போர்வையில் கட்டளையைத் திணிக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் நுழையும் வாசலும் நான் ஒட்டுப்போட்ட அதே ஓட்டைதான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே உட்கார்ந்து, அந்த மாட்யூலில் ஒட்டிச் சேர்த்த குவெரிகள் எல்லாவற்றையும் மாற்றி எழுத ஆரம்பித்தேன்.

ஓரிடத்தில் மட்டும் 1064 திரும்ப வந்தது. டேபிளின் பெயருக்கும் கேள்விக்குறி போட்டிருந்தேன். மதிப்புக்குத்தான் அது செல்லும், பெயருக்குச் செல்லாது. அனுமதித்த டேபிள் பெயர்களை ஓர் அர்ரேயில், அதாவது பட்டியலில், வைத்து, அதில் இருந்தால் மட்டும் குவெரிக்குள் போகும்படி எழுதினேன். அனுப்புவதற்கு முன் அச்சிட்டும் பார்த்தேன்.