பியானோ இறங்கிய வழி

பழைய பியானோ தொழிற்சாலை ஒன்றைக் குடியிருப்பாக மாற்றும் வேலையில், அளவெடுக்கும் குழுவில் மூன்று மாதம் இருந்தேன். பியானோ செய்வது நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்புறம் கிடங்காக இருந்த கட்டடம் அது. அளந்து வரைபடம் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஆனால் அளக்க அளக்கக் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

முதலில் அகலம். 5 மாடி, நல்ல நீளம். அகலம் மட்டும் 15 மீட்டர்தான். இரண்டு பக்கமும் நெருக்கமாக உயரமான சன்னல்கள். ஏன் இவ்வளவு ஒல்லியாகக் கட்டினார்கள்? எந்த மேசையருகே நின்று மரத்தை இழைத்தாலும் பகல் வெளிச்சம் கைக்கு எட்ட வேண்டும். மின்விளக்கு வராத காலம். மரத்தூளும் வார்னிஷும் நிறைந்த இடத்தில் தீ எரியும் விளக்கை எத்தனைதான் ஏற்றுவது?

அந்தப் பயம் வீணானதல்ல. லண்டன் கேம்டனில் காலர்ட் அண்ட் காலர்ட் நிறுவனத்தின் வட்ட வடிவத் தொழிற்சாலை 1851-இல் எரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்தது. 1852 டிசம்பரில் பாஸ்டனில் சிக்கரிங் தொழிற்சாலை எரிந்தது. 1856-இல் லண்டனில் பிராட்வுட் நிறுவனத்தின் தொழிற்சாலை. சிக்கரிங் நிறுவனத்தின் உரிமையாளர் ஜோனஸ் சிக்கரிங் மனம் தளராமல் பாஸ்டனின் டிரிமான்ட் தெருவில் இன்னும் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். 1853 டிசம்பரில் இறந்துபோனார். அந்தக் கட்டடம் 1970-களில் கலைஞர்களின் குடியிருப்பாக மாறி இன்றும் நிற்கிறது. எங்கள் வேலையும் அப்படி முடிய வேண்டும் என்று நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன்.

சுவர் நெடுக, தரையை ஒட்டி, துருப்பிடித்த கொக்கிகள் இருந்தன. நீராவிக் குழாய்களைத் தாங்கியவை. குளிர் காய்வதற்கு மட்டும் இவ்வளவு குழாய் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஒட்டுவதற்கு விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் என்ற பசைதான். அது சூடாக இருக்கும்போதுதான் ஓடும்; ஆறினால் இறுகிவிடும். அதனால் பசை மட்டுமல்ல, ஒட்டப்போகும் பலகையும் அறையும்கூட வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகைக்கான ஸ்ப்ரூஸ் மரத்தில் ஈரம் மிச்சமிருந்தால் பின்னால் அது சுருங்கி வெடித்துவிடும். அந்த வச்சிரம் சிந்திய கறைகள் நான்காம் மாடிப் பலகைகளில் வரிசை வரிசையாக இருந்தன. மேசைகள் எங்கே நின்றன என்பதையே அவை சொல்லின. நான் படம் எடுப்பதற்குள் தளத்தைத் தேய்த்து மெருகேற்றிவிட்டார்கள். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது தளத்தில் இருந்த ஒரு சதுரம். ஒவ்வொரு மாடியிலும் ஒரே இடத்தில், சுமார் 3 மீட்டருக்கு, பலகைகளின் நிறம் வேறு, ஓட்டம் வேறு. கீழே உத்திரங்களும் புதியவை. ‘பின்னால் ஒட்டுப்போட்டது, பழுது என்று குறித்துவிடு’ என்றார் குழுத் தலைவர். சரி என்று குறித்தேன். அன்று இரவு ஐந்து மாடிப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது பாரந்தூக்கி போய்வந்த வழி.

ஒரு பியானோவில் கம்பிகள் மட்டும் ஏறக்குறைய 230. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18 டன்னைத் தாண்டும். அதைத் தாங்குவதற்கென்றே உள்ளே வார்ப்பிரும்புச் சட்டகம் வைக்கிறார்கள். அந்த இரும்பின் கனத்தைப் படிக்கட்டில் சுமந்து இறக்க முடியுமா? மேல்மாடியில் வேலை முடிந்த ஒவ்வொரு பியானோவும் இந்தச் சதுரத்தின் வழியாகத்தான் தெருவுக்குப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் குழுத் தலைவரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு அவரே கட்டட வடிவமைப்பாளரிடம் என்னை அழைத்துப் போனார். அந்த இடத்தில் குளியலறைகள் வருவதாக இருந்தது. அதை மாற்றி, சதுரத்தைத் திறந்து, படிக்கட்டை அங்கே கொண்டுவந்தார்கள்.

இறுதி வரைபடத்தில் அதன் பெயர் ‘படிக்கட்டு 2’. என்னிடமுள்ள பிரதியில் ‘பியானோ இறங்கிய வழி’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.