ஜார்ஜியத் திராட்சைகள்: பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பயணம்

ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியின் ஒயின் கடைகளில் சபெராவி, முகுஸானி, கிண்ட்ஸ்மராவுலி என்று மூன்று புட்டிகளை வாங்கிக்கொண்டு, மூன்று ரகத் திராட்சையைச் சுவைத்துவிட்டோம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் இருப்பது ஒரே திராட்சை. சபெராவி என்பது கொடியின் பெயர். மற்ற இரண்டும் ககேத்தி மாநிலத்தில் அது விளையும் இடங்கள். முகுஸானியில் இனிப்பு இருக்காது. கிண்ட்ஸ்மராவுலியில் குளிரூட்டி, நொதித்தலைப் பாதியில் நிறுத்துவதால் இனிப்பு மிஞ்சும். ட்ஸினந்தாலியும் இடப்பெயர்தான், அந்தப் புட்டிக்குள் ர்கட்ஸிதேலி, ககுரி ம்ட்ஸ்வானே என்ற இரண்டு வெள்ளைத் திராட்சைகள் இருக்கின்றன. எது ஊர், எது கொடி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் மட்டுமே இந்த நாட்டின் திராட்சைகள் பிடிபடும்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. சோவியத் காலத்தில் பெரிய அளவில் பயிரானவை அவற்றில் சிலவே. 1985இல் தொடங்கிய மதுஎதிர்ப்பு இயக்கத்தில் ஏராளமான தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. பல ரகங்கள் வீட்டுக் கொல்லைகளிலும் ஆய்வுத் தோட்டங்களிலும் மட்டுமே தப்பின. ம்ட்ஸ்கேதாவுக்கு அருகில் ஜிகௌராவில் உள்ள அரசு ஆராய்ச்சித் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான நாட்டு ரகங்களை வரிசையாக வளர்க்கிறார்கள். முன்அனுமதி கிடைத்தால் அவசியம் போய்ப் பாருங்கள்.

பயணத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக அமைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பழமும் அந்த வரிசையில்தான் பழுக்கிறது. ககேத்தியில் ர்த்வேலி என்னும் அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கும். மேற்கே இமெரேதியிலும் ராச்சாவிலும் அக்டோபர். கருங்கடல் பக்கமுள்ள குரியாவிலும் ஸமெக்ரெலோவிலும் சில ரகங்கள் நவம்பர் வரை கொடியில் தொங்கும். ஆகஸ்டில் போனால் காய்தான் இருக்கும். சபெராவி நிறம் மாறத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

திபிலிசியின் ஓர்தச்சாலா நிலையத்திலிருந்து ககேத்தியின் தெலாவி நகரத்துக்கு மர்ஷ்ருத்கா என்னும் சிற்றுந்துகள் உண்டு. ககேத்தியின் இன்னொரு ஊரான சிக்னாகிக்குப் போக ஸம்கோரி நிலையம். கோம்போரி மலைப்பாதையில் போனால் தெலாவிக்குத் தூரம் குறைவு, வளைவுகள் அதிகம். வயிறு புரட்டுபவர்கள் முன்இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெலாவியைச் சுற்றி முதலில் பார்க்கவேண்டியது ர்கட்ஸிதேலி. வெள்ளை ஒயினுக்கான திராட்சை, பெயரிலோ சிவப்பு. ட்ஸிதேலி என்றால் சிவப்பு. ர்கா என்றால் கொம்பு. மாட்டுக்கும் கொம்பு, மரத்துக்கும் கொம்பு என்று நாம் சொல்வதுபோல ஜார்ஜியர்களுக்கும் ர்கா என்பது விலங்கின் கொம்பு, திராட்சைக்கொடியின் கிளை இரண்டுமே. ஆகவே ர்கட்ஸிதேலி நம் மொழியில் செங்கொம்பு. செப்டம்பர் கடைசியில் இலைகளை விலக்கி, முற்றிய கிளையைப் பாருங்கள், அந்தச் செம்மை தெரியும். குலையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை விளங்காது.

சபெராவிக்குக் கிளை வேண்டாம், ஒரு பழம் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஒன்றைப் பறித்து நசுக்கிப் பாருங்கள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் நிறம் தோலில் மட்டும் இருக்கும், சாறு தெளிவாகவே வரும். சபெராவியில் சதையிலும் நிறம் உண்டு, விரலில் கறை ஏறும். பெரி என்றால் நிறம். ‘ச’ முன்னும் ‘அவி’ பின்னும் சேர்ந்து ‘நிறமேற்ற உதவுவது’, அதாவது சாயம் என்று பொருள் தருகிறது. வெளிறிய ஒயினுக்கு நிறம் கூட்ட இதைக் கலப்பதும் உண்டு. இதிலும் உட்பிரிவு இருக்கிறது: சற்று நீண்ட பழம் கொண்டது புதேஷுரிசெபுரி. புதேஷுரி என்ற உண்ணும் திராட்சையைப் போன்றது என்பதே அதன் பொருள். ஜார்ஜியர்கள் சிவப்பு ஒயினை ‘ஷாவி’, அதாவது கறுப்பு என்றே சொல்வார்கள். கடையில் ‘ட்ஸிதேலி’ என்றாலும் புரியும், ஆனால் கிராமத்து நிலவறையில் காதில் விழுவது ஷாவிதான்.

ம்ட்ஸ்வானே என்றால் பச்சை. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ககுரி ம்ட்ஸ்வானே ககேத்தியின் பச்சை, கோருலி ம்ட்ஸ்வானே கோரி நகரத்துப் பச்சை. நிறத்தால் ஒரே பெயர் வாங்கிய இரண்டு தனித்தனி ரகங்கள். உணவகப் பட்டியலில் வெறும் ம்ட்ஸ்வானே என்று போட்டிருந்தால் எந்த ஊர்ப் பச்சை என்று கேளுங்கள். ‘ரா ஜிஷியா?’ (என்ன ரகம்?) என்ற இரண்டு சொற்கள் நாடு முழுக்க உதவும்.

ஊர்ப்பெயரிலிருந்து ரகப்பெயர் வரும்போது கடைசியில் ‘உரி’ அல்லது ‘உலி’ சேரும். எப்போது எது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. சொல்லுக்குள் ஏற்கெனவே ‘ர’ ஒலி இருந்தால் மறுபடி ‘ர’ வராமல் ‘உலி’ ஆகும்: கோரி, கோருலி, ராச்சா, ராச்சுலி. இல்லாவிட்டால் ‘உரி’: ககேத்தி, ககுரி; ஓட்ஸ்கானா, ஓட்ஸ்கானுரி. ராச்சுலி தெத்ரா என்றால் ராச்சாவின் வெள்ளை. ஓட்ஸ்கானுரி ஸபெரே என்றால் ஓட்ஸ்கானா ஊரின் நிறத் திராட்சை; ஸபெரே என்பதைப் பார்த்துச் சபெராவி என்று நினைக்கவேண்டாம், இது இமெரேதியின் வேறு ரகம், புளிப்பு தூக்கலானது. அஸுரேதுலி ஷாவி, திபிலிசிக்குத் தெற்கே அஸுரேதி ஊரின் கறுப்பு. 1818இல் ஜெர்மானியர்கள் குடியேறி எலிசபெத்தால் என்று பெயரிட்ட ஊர் அது. 1941இல் அவர்களை ஸ்டாலின் அரசு நாடுகடத்தியது. அவர்கள் கட்டிய மரச்சட்ட வீடுகளும் இந்தத் திராட்சையும் அங்கே இன்றும் இருக்கின்றன.

கோரிக்குத் தெற்கே அதேனிப் பள்ளத்தாக்கு, அந்தக் கார்த்லி வட்டாரத்து ரகங்களுக்கு ஏற்ற இடம். ஷவ்கபிதோ கறுத்த தண்டு என்ற பொருளில் வந்த பெயர். தவ்க்வேரியில் தவி என்பது தலை. பழத்தின் நுனி தட்டையாக இருப்பதால் வந்தது என்கிறார்கள். தவ்க்வேரியின் பூ தானாகக் கருத்தரிக்காது, மகரந்தத்துக்குச் சினுரி போன்ற வேறு ரகம் பக்கத்து வரிசையில் வேண்டும். பூக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் குலையில் பாதி உதிர்ந்துவிடும்.

மேற்கே குதைசியைத் தங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். திபிலிசியில் திதுபே நிலையத்தில் வண்டி கிடைக்கும். இமெரேதியின் க்ரகூனா, அந்த வட்டாரப் பேச்சில் மொறுமொறு என்ற பொருள் கொண்டது. கடித்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வீர்கள். ஒயின் செய்ய நிலத்தில் புதைத்த மண்தாழியான க்வெவ்ரியை இங்கே ச்சுரி என்பார்கள். ககேத்தியில் அதில் சாற்றைத் தோல், காம்போடு சேர்த்து ஐந்தாறு மாதம் ஊறவிடுவார்கள். இமெரேதியில் தோலைச் சிறிதளவே சேர்ப்பதால் ஒயின் மென்மையாக வரும்.

மேற்கிலுள்ள லெச்கூமி வட்டாரத்தின் ஓகுரெஷி ஊர்ச் சரிவுகளில் விளைவது உஸகெலௌரி. ஸகெலி என்றால் பெயர், இது பெயரிலி. விளைச்சல் மிகக் குறைவு, விலை மிக அதிகம். அசாதாரண மலிவில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

ஸமெக்ரெலோவின் ஓஜலெஷி மெக்ரெலி மொழிப் பெயர். ஜா என்றால் மரம், ஓஜலெஷி என்றால் மரத்தில் ஏறுவது. கொடியை உயிருள்ள மரங்களில் ஏற்றி வளர்ப்பதே அங்கே பழைய வழக்கம், அதற்கு மக்லாரி என்று பெயர். ஏறிப் பறித்து, கூம்பு வடிவக் கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிநோய்கள் இந்த முறையை ஏறக்குறைய அழித்துவிட்டன. இன்று ஓஜலெஷியின் பெரும்பகுதி கம்பி வரிசையில்தான் நிற்கிறது. ஸல்கினோ பக்கம் மரத்திலேறிய கொடி வைத்திருப்பவர்களைத் தங்கும் விடுதிக்காரர் வழியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

மேற்கில் வீட்டுப் பந்தல்களில் தொங்கும் கறுப்புத் திராட்சை எல்லாம் நாட்டு ரகம் இல்லை. ஸ்ட்ராபெரி வாசனை அடித்தால் அது இஸபெல்லா, அமெரிக்கக் கலப்பினம். நோய் தாங்குவதால் பரவிவிட்டது. குரியாவில் அதை அதேஸா என்கிறார்கள், ஒதெஸா துறைமுகத்தின் பெயரால். குரியாவுக்கே உரிய திராட்சை இளஞ்சிவப்பான ச்காவேரி. அதைப் பழமாகப் பார்க்க நவம்பர் முதல் பாதியில் போங்கள். மழைச்சட்டையும் சேற்றுக்கான காலணியும் கட்டாயம்.