எப்ப எழும்புவான்?

"எப்ப எழும்புவான், பிள்ளை?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டபோது, ஜிம்மிக்கு முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. நான்கு நாட்களாக எதுவும் உண்ணாமல் அனுங்கிக்கொண்டிருந்த நாய் தன் மடியில் குறட்டை விடுவதைக் கண்டு அவருடைய முகம் தெளிந்திருந்தது.

வெள்ளவத்தைச் சந்தைக்குப் போதுமான சிங்களம்தான் அவருக்குத் தெரியும். ஆகவே மருத்துவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவள் நான். "ஊசி போட்டு நித்திரையாக்குவம் அம்மா" என்றேன். கருணைக்கொலை என்ற சொல்லை நான் அறியாதவளல்ல. 12 வருடங்கள் பிள்ளையாக வளர்த்தவரின் முன்னால், கொலை என்று முடியும் சொல்லைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பல் பிடுங்கவும் காயத்துக்குத் தையல் போடவும் அதே மேசையில் நாங்கள் சொல்வதும் நித்திரையாக்குவது என்றுதான்.

முடிவில் பிழை இருக்கவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். நாயின் சிறுநீரகங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் உயரத் தொடங்கும். டெசிலீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது இறுதிக் கட்டம். ஜிம்மிக்கு 9 இருந்தது. வாயெல்லாம் புண், குடித்த தண்ணீரும் வாந்தி. வீட்டில் தோலுக்கடியில் ஏற்றிய சேலைனும் பயன் தரவில்லை. சம்மதப் படிவத்தில் அம்மா கையொப்பமும் இட்டிருந்தார். அந்தப் படிவத்தில் தமிழ் இல்லை.

"இனி எழும்பமாட்டான் அம்மா."

அவர் ஜிம்மியின் காதை நெடுநேரம் நீவினார். பிறகு, "சரி, செய்யச் சொல்லு பிள்ளை" என்றார். நான் மருத்துவரிடம் "சம்மதிக்கிறார்" என்று மட்டும் சொன்னேன். எப்ப எழும்புவான் என்று அம்மா கேட்ட கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்திருந்தால் மருத்துவர் கட்டாயம் பொறுத்திருப்பார், ஏனெனில் முதல் ஊசியின் மயக்கம் தெளியக்கூடியது, இரண்டாவதுதான் இதயத்தை நிறுத்துவது. இன்னும் ஓரிரவு ஜிம்மி தன் சாக்கில் படுத்திருக்கலாம். அந்த இரவு வலிப்பில் முடிந்திருக்கவும் கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த அம்மாவல்லவா?

இப்போதெல்லாம் "உயிர் போய்விடும்" என்றே சொல்கிறேன். போன மாதம் ஒருவர், "இப்பிடி நேர சொல்லாதேங்கோ" என்று அழுதார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்த அம்மாவும் ஒருவேளை எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கலாம்.

இரு வாரங்கள் கழித்து அவர் வந்து, மிஞ்சிய மூன்று சேலைன் பைகளை மேசையில் வைத்து, "வேற பிள்ளையளுக்கு உதவும்" என்றார். ஜிம்மியைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.