பிலூ தீவில் ஒரு சுங்கான் பட்டறை

ரங்கூனில் இரவுப் பேருந்து ஏறி, பகோ, தட்டோன் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து, விடியும் வேளையில் தன்லுவின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மௌலமியாயினில் நான் இறங்கியது 2019 டிசம்பரில். தோள்பையில், பழைய கைத்துண்டில் சுற்றப்பட்டு, தாத்தாவின் சுங்கான் (புகையிலை அடைத்துப் புகைக்கும் குழாய்) இருந்தது. அந்தப் பயணத்துக்கு அதுவே காரணம்.

தாத்தா மௌலமியாயினில் ஒரு மரவாடியில் கணக்கெழுதியவர். முதல் ஆங்கில-பர்மியப் போரை முடித்த யாண்டபோ உடன்படிக்கை 1826இல் கையெழுத்தான பிறகு, 1852 வரை ஆங்கிலேயரின் பர்மாவுக்குத் தலைநகராக இருந்த அந்த ஊரை வளர்த்தது, சால்வின் என்றும் வழங்கும் தன்லுவின் ஆற்றில் மிதந்து வந்த தேக்கு. தாத்தாவின் காலத்தில் அந்தப் பெருமை தேய்ந்துவிட்டிருந்தாலும் மரவாடிகள் இருந்தன. கப்பல்காரர் ஒருவர் அவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சுங்கான், மத்தியதரைக் கடற்கரைகளில் வளரும் பிரயர் என்னும் புதர்ச்செடியின் வேர்முண்டில் செதுக்கியது. அப்பாவுக்குப் பின் அது என்னிடம் வந்தது. நான் புகை பிடிப்பவன் அல்லன். ஆகவே அதை ரங்கூன் வீட்டின் ஜன்னலோரம் காட்சிப் பொருளாக வைத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொலிவு போதவில்லை என்று எண்ணி, நாற்காலிக்கு அடித்து மிஞ்சிய அரக்குப் பாலிஷை இரண்டு பூச்சு பூசினேன். சில மாதங்களில் அது பிசுபிசுத்துத் தூசி பற்றி, கையில் எடுக்கவே கூச்சம் தரும் பொருளாகிவிட்டது.

மௌலமியாயினில் இருக்கும் பெரியப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, அவர் திட்டி முடித்துவிட்டு, "பிலூ தீவுக்குக் கொண்டு வா, அங்கே சுங்கான் கடைகிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார். பர்மிய மொழியில் அதன் பெயர் பிலூ சூன்; பிலூ என்றால் அரக்கன், சூன் என்றால் தீவு. நகரத்துக்கு மேற்கே, ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் இந்தத் தீவில் பெரும்பாலோர் மோன் இனத்தவர். பள்ளிக்கூடச் சிலேட்டு, ரப்பர் வளையம், தென்னை நார்ப் பாய் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. யுவாலுட் என்ற ஊருக்குச் சுங்கானும் கைத்தடியும். முன்பெல்லாம் படகில்தான் போக வேண்டும். 2017இல் பாலம் வந்த பிறகு பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளே போதுமானதாக இருந்தது. அந்தப் பாலத்துக்குப் பெயர் வைத்தபோது எழுந்த சச்சரவை அவர் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அது வேறு கதை.

பர்மாவில் புகையிலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுருட்டுதான். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது என்பதைப் பெரியப்பா எந்த விருந்தாளிக்கும் சொல்லாமல் விட்டதில்லை. சுங்கானுக்குப் பர்மியர் சொல்லும் பெயர் ஸேடான். 'ஸே' என்றால் மருந்து. புகையிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பிரித்தாலும் 'பெரிய மருந்திலை' என்றுதான் வரும். வைத்தியர்கள் மன்னிக்கட்டும்.

பட்டறை, கால்கள் மேல் நின்ற ஒரு மரவீட்டின் அடியில் இருந்தது. மோட்டாரில் ஓடும் கடைசல் பொறி ஒன்று நடுவில். காலால் மிதித்து ஓட்டிய பழைய பொறி மூலையில், கோழிக்கூடையைச் சுமந்தபடி. பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டிய மோன்காரர். எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை 'ஸயா', அதாவது ஆசான், என்றே அழைத்தேன். அவருடைய மருமகள் முடோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். "வாங்க தம்பி, உக்காருங்க, ஸயா சொல்றதை நான் சொல்றேன்" என்று அவர் வரவேற்ற பிறகு எனக்கு மொழிக் கவலை இல்லை. மெருகு வேலை முழுவதும் அந்த அக்காவின் பொறுப்பு.

தாத்தாவின் சுங்கானை ஸயா வாங்கிப் பார்த்த முறை எனக்கு வியப்பாக இருந்தது. வெளிப்புறத்தை அவர் பார்க்கவே இல்லை. வாய்ப்பிடியைத் திருகிக் கழற்றி, கூரையோரம் செருகியிருந்த துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவி, தண்டின் துளைக்குள் விட்டு, அது கிண்ணத்தின் அடியில் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தார். சரியாக அடிமட்டத்தின் நடுவில் வந்தது. தலையசைத்துவிட்டுப் பொருளை அக்காவிடம் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அதுதான் சோதனை. மற்றது எல்லாம் துணிக்காரி வேலை என்று அவர் சொன்னதை அக்கா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்.

ஏன் என்று கேட்டதற்கு, செய்தே காட்டினார். எடுத்த மரம் படௌக். ஏப்ரலில் திஞ்சான் என்னும் பர்மியப் புத்தாண்டுப் பண்டிகையின்போது மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் இந்த மரம், நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உறவு, ஒரே பேரினம். ஈட்டி மரத்துக்கு உறவான தமலானை ஸயா தொடுவதில்லை. அந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது ஒரு காரணம். அதன் தூள் பட்டால் அவருக்குத் தோல் தடிப்பது இன்னொரு காரணம். படௌக்கிலும் சேகு மட்டும்தான் எடுப்பார். வெளிறான பகுதியைக் கோடரியால் கழித்து அடுப்புக்குப் போட்டுவிடுவார். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் ஊர் ஆகையால், கட்டைகளின் இரு வெட்டு முனைகளிலும் மெழுகு தடவி நிழலில் அடுக்கி வைத்திருந்தார். முனை வழியாகத்தான் ஈரம் விரைவாக வெளியேறும். அங்கே அவசரப்பட்டு உலர்ந்தால் மரம் வெடித்துவிடும். பிரயர் முண்டுகளைப் பல மணி நேரம் நீரில் வேகவைத்துப் பல மாதங்கள் உலர்த்துவார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அந்த மரம் நெருப்பைத் தாங்கும், படௌக் அவ்வளவு தாங்காது, அதனால்தான் கிண்ணச் சுவரைத் தடிப்பாக விடுகிறேன் என்றார்.

என்னைப் போன்றவர்கள் முதலில் வடிவத்தைச் செதுக்கிவிட்டுப் பிறகு துளையிடுவார்கள் என்று நினைப்போம். ஸயா செய்தது நேர்மாறு. கட்டை சதுரமாக இருக்கும்போதே பக்கவாட்டில் கோடு கீறி, மூன்று துளைகளையும் போட்டார். வாய்ப்பிடியின் முளை உட்காரும் 8 மில்லிமீட்டர்க் குழி முதலில். அதன் நடுவிலிருந்து புகை வரும் 4 மில்லிமீட்டர்த் துளை அடுத்து. கடைசியில் மேலிருந்து புகையிலைக் கிண்ணம், ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலத்தில். சதுரக் கட்டையைத்தான் அசையாமல் பிடிக்க முடியும், கோட்டுக்கு நேரே நிறுத்தவும் முடியும். துளையிடும் நீளமான மெல்லிய அலகு மரத்தின் நாரைப் பார்த்ததும் விலகப் பார்க்கும். ஆகவே விரல்கடை அளவு போனதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி செலுத்தினார். புகைத்துளை கிண்ணத்தின் அடிமட்டத்தைவிட உயரத்தில் திறந்தால், கீழே புகையிலை ஈரம் கட்டி எரியாமல் தங்கிவிடும். தாழ்ந்துபோனால் கிண்ணத்தின் அடி மெலிந்து சுட்டுவிடும்.

எனக்கும் ஒரு கட்டை கொடுத்தார்கள். முதல் குழி நன்றாக வந்தது. புகைத்துளையில், தூளைத் தட்டப் பொறுமையில்லாமல் ஒரே மூச்சில் அழுத்தினேன். கருகிய வாசனை வந்தது, அலகு சூடேறி வளைந்தது. கிண்ணத்தைத் துளைத்தபோது புகைத்துளை அதன் பக்கச் சுவரில், அடிமட்டத்துக்கு அரை விரல்கடை உயரத்தில், கள்ளக்கண்போல எட்டிப் பார்த்தது. ஸயா எதுவும் சொல்லாமல் அதை வாங்கி, எழுதுகோல் செருகும் கிண்ணமாக ஜன்னலில் வைத்துவிட்டார். அங்கே முன்பே நாலைந்து நின்றன. யாருடைய கைவண்ணம் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

துளை முடிந்த கட்டையைக் கடைசல் பொறியில் ஏற்றியபோதுதான் இந்தத் தொழிலின் சிக்கல் எனக்குப் புரிந்தது. கைத்தடியும் பேனாவும் ஒரே அச்சில் சுழல்பவை. சுங்கானின் கிண்ணமோ நிமிர்ந்து நிற்கிறது, தண்டு குறுக்கே நீள்கிறது. முதலில் கிண்ணத்தின் அச்சில் மாட்டிக் கடைந்தார். அப்போது தண்டுப் பகுதி விசிறிபோலச் சுழன்று, கண்ணுக்கு வெறும் நிழலாகத் தெரிந்தது, உளி பிடித்த விரல் ஓர் அங்குலம் தவறினாலும் முடிந்தது கதை. பிறகு கட்டையைத் திருப்பித் தண்டின் அச்சில் மாட்டினார். இரண்டு உருளைகளும் கூடும் இடுக்கில் எந்தப் பொறியும் நுழையாது. அந்த மூலையை அரமும் சிற்றுளியும் கொண்டு கையால்தான் எடுக்க வேண்டும். சுங்கான் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் அந்த இடுக்கைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது இப்போது என் கருத்து. அங்கே மேடு பள்ளம் தட்டினால், செய்தவர் அவசரத்தில் இருந்திருக்கிறார்.

பிற்பகல் அக்காவின் முறை. உப்புத்தாளில் 120, 220, 320, 400, 600 என்று ஒவ்வொரு எண்ணாக ஏறினார். ஒரு தாளைத் தாவினால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. மெழுகு ஏறிய பிறகு பழைய கீறல் வெள்ளிக் கம்பிபோலத் தலைதூக்கும். நடுவில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர வைத்தார். நசுங்கிப் படுத்திருந்த நார்கள் ஈரம் பட்டதும் எழுந்து நிற்கும். அவற்றை அடுத்த தாளில் சீவிவிட்டால் பின்னாளில் கை வியர்வையில் சொரசொரப்பு வராது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல், வாசற்கால் ஓரமாக நின்று சாய்ந்த ஒளியில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "நேரா பாத்தா எல்லாமே அழகுதான் தம்பி" என்றார்.

அரக்குப் பூச்சை ஏன் தவிர்க்கிறார்கள் என்பது என் தலையில் குட்டாகவே விழுந்தது. அரக்கு சூட்டில் இளகும், வார்னிஷோ கொப்புளிக்கும், இரண்டுமே மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடும், உள்ளே கிளம்பும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகத் தொடங்குவதால் சூடான கிண்ணத்தில் வழுக்கும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 80 பாகையைத் தாண்டித்தான் உருகும். செங்கல் துண்டுபோல் கடினமான அந்த மஞ்சள் கட்டியைச் சுழலும் துணிச்சக்கரத்தில் ஒரு கணம் தொடவைத்து, உராய்வுச் சூட்டில் அது இளகியதும் சுங்கானைக் காட்டினார். மேலே தனியாக ஒரு படலம் நிற்கவில்லை. மரமே உள்ளிருந்து நிறம் காட்டியது.

தாத்தாவின் சுங்கானில் நான் பூசிய அரக்கு ஸ்பிரிட் நனைத்த பஞ்சில் கரைந்து, பழுப்பாக வழிந்தது. கிண்ணத்தின் உட்சுவரில் தடித்திருந்த கரியை அக்கா ஒரு காசுக் கனம் விட்டு மீதியைச் சுரண்டினார். கொஞ்சம் கரி இருந்தால் மரத்துக்குக் காப்பு. மிகுந்தால், சூட்டில் மரத்தைவிட அதிகமாக விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். வாய்ப்பிடி கறுப்பு நிறம் இழந்து பாசிப் பச்சையாகியிருந்தது. அது எபோனைட்: ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்தியது. அதே தீவில், பக்கத்து ஊரில், அதே ரப்பர்ப் பால் கொஞ்சம் கந்தகத்தோடு இழுபடும் வளையமாகிறது. வெளிச்சம் பட்டுக் கந்தகம் மேலே வந்ததுதான் அந்தப் பச்சை என்றும், நுண்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும் என்றும் அக்கா சொன்னார்.

வாய்ப்பிடியின் நுனியில் தாத்தாவின் பல் தடங்கள் இரண்டு இருந்தன. எபோனைட்டைச் சூடாக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டபோது நான் தயங்கினேன். பெரியப்பா தயங்கவில்லை. "எடும்மா. புது வாய்ப்பிடி வாங்கக் காசு செலவாகுமேன்னு இருபது வருஷம் அதையே கடிச்சிக்கிட்டிருந்தார்" என்றார். விளக்குச் சுடரின் மேலே காட்டியதும் பள்ளம் மெல்ல எழும்பி மட்டமானது.

தாத்தாவின் சுங்கானைச் சரிசெய்ததற்குக் கூலி எதுவும் வாங்க ஸயாவுக்கு மனமில்லை. படௌக் சுங்கான் ஒன்றை விலைக்கு வாங்கிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் அந்த மாலையே பாலத்தின் அக்கரையில் வண்டியை நிறுத்திப் புகையிலை தேடினார். இரண்டு நாள் கழித்து ரங்கூன் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, ஜன்னலோரத்துத் தாங்கியை எடுத்துவிட்டுத் தாத்தாவின் சுங்கானை வெயில் படாத அலமாரிக்குள் வைத்தது.